வயசான குதிரைக்கு மூட்டுக்குள்ள ஊசி போடலாமா? ஏற்காட்டுல இருந்து கேக்குறேன்

காபித்தோட்டம்_நாகலூர்:

வணக்கம்ங்க. எங்க தோட்டம் ஏற்காடு நாகலூர் பக்கம். எங்ககிட்ட ஒரு பொட்டைக் குதிரை இருக்கு, பேரு மல்லி, ரேஸ்ல ஓடி முடிச்சப்புறம் எங்கப்பா வாங்கிட்டு வந்தது, இப்போ 18 வயசு. பெரிய வேலை ஒண்ணும் இல்ல, பசங்க ஏறி தோட்டத்துப் பாதையில ஒரு சுத்து சுத்திட்டு வருவாங்க, நேரம் இருந்தா நானும் செம்மடுவு வரைக்கும் போயிட்டு வருவேன், அவ்ளோதான். போன மழைக்காலத்துல இருந்து வலது பின்னங்கால் சரியில்ல. காலையில லாயத்துல இருந்து வெளிய கூட்டிட்டு வரும்போது ரொம்ப விறைப்பா நடக்குறா, கொஞ்ச தூரம் போயி உடம்பு சூடானதும் நல்லாவே நடக்குறா. ஏத்தத்துல மட்டும் அந்தக் காலைத் தூக்காம இழுக்குறா, லாடத்தோட முன் நுனி அந்த ஒரு கால்ல மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கு, மத்த மூணுலயும் அப்படி இல்ல. லாடம் அடிக்க அந்தக் காலைத் தூக்கிப் புடிச்சா வெடுக்குன்னு பிடுங்கிக்குறா, முன்னெல்லாம் தூங்கிட்டே நிப்பா.

கீழ சேலத்துல இருந்து டாக்டர் வந்து பாத்தார். ஹாக் மூட்டுல, அதாவது பின்னங்கால் நடுவுல பின்பக்கமா துருத்திட்டு இருக்குற மூட்டுல, தேய்மானம் இருக்கும்போல, மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டும் ஹயலூரோனிக் ஆசிடும் சேத்து ஊசி போட்டா நல்லா இருக்கும்னார். வீட்டுல மாமா ஒருத்தர் வேண்டவே வேண்டாம், ஸ்டீராய்டு போட்டா மூட்டு உளுத்துப் போயிடும், ஒரு தடவை ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போட்டுட்டே இருக்கணும்ங்கிறார். தோட்டத்துல வேலை பாக்குற பெரியவர் ஒரு சூடு போட்டா சரியாயிடும்ங்கிறார், எனக்கு அதுல மனசே ஒப்பல.

மத்தபடி நல்லா சாப்பிடுறா, கொள்ளு, தவிடு, புல்லு, பசங்க தினமும் வெல்லம் குடுப்பாங்க. உடம்பும் நல்லா பூசினாப்ல இருக்கு, கழுத்து மேல கெட்டியா சதை போட்டிருக்கு. மலைக் குளிருக்கு முடி நல்லா நீளமா சுருள் சுருளா வளந்திருக்கு, வெயில் காலத்துலகூட முழுசா உதிரல.

ஊசி போடலாமா, போட்டா எவ்ளோ நாள் தாங்கும், எதைப் பாத்து முடிவு பண்றது, அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க. அவ வலியோட நடக்குறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.


அஸ்தம்பட்டி_குதிரை:

அண்ணா, எங்க குதிரைக்கும் இதே கதைதான், ஆனா முன்னங்கால் ஃபெட்லாக்ல (குளம்புக்குக் கொஞ்சம் மேல இருக்குற மூட்டு), அதனால ஹாக்குக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்றேன். டாக்டர் முதல்ல மயக்கம் இல்லாம கொஞ்சம் தளர்வாகுற ஊசி ஒண்ணு நரம்புல போட்டார், குதிரை தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. அப்புறம் மூட்டைச் சுத்தி முடியை வழிச்சு எடுத்து, மருந்து சோப்பு போட்டு பஞ்சால தேய்க்க ஆரம்பிச்சார் பாருங்க, தேய்க்கிறார் தேய்க்கிறார், முடிச்சிட்டார்னு நெனச்சா மறுபடி புதுப் பஞ்சு எடுக்கிறார், பஞ்சு வெள்ளையா திரும்பி வர்ற வரைக்கும் விடல. என் தம்பி கிட்ட வந்து எட்டிப் பாத்ததுக்கே தள்ளி நில்லுன்னு சத்தம் போட்டார். கையுறையைக் கடைசியா போட்டுட்டு வேற எதையுமே தொடல.

ஊசி உள்ள போனதும் மூட்டுத் தண்ணி சொட்டு சொட்டா வந்துச்சு. அதுல ஒரு சொட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு இழுத்துக் காட்டினார். நல்ல மூட்டுன்னா விளக்கெண்ணெய் மாதிரி நூலா நீளுமாம், எங்க குதிரைக்கு வந்தது வெறும் தண்ணியா உடனே அறுந்து போச்சு. வீக்கம் இருக்குற மூட்டுல அந்தப் பசைத்தன்மை கெட்டுப் போயிடும், அந்தப் பசையே ஹயலூரோனிக் ஆசிட்தான், அதைத்தான் வெளிய இருந்து குடுக்குறோம், கூட இருக்குற ஸ்டீராய்டு வீக்கத்தை அமத்தும்னு சொன்னார். அதைக் கண்ணால பாத்தப்புறம்தான் எனக்கு விஷயமே வெளங்குச்சு.

அன்னிக்கும் மறுநாளும் லாயத்துலயே நிக்க வச்சோம், அப்புறம் கையில புடிச்சு நடை, அடுத்த வாரத்துலதான் மேல ஏறினது. முன்னேத்தம் ஒரேடியா வரல, படிப்படியா வந்துச்சு. அந்த வருஷத்துல பெரும்பகுதி நல்லா இருந்துச்சு. ரெண்டாவது தடவை போட்டப்ப அவ்ளோ நாள் தாங்கல. உங்க மாமா சொல்றதுல ஒரு பாதி நிஜம் இருக்கு, ஊசி தேய்மானத்தை நிறுத்தாது, வலியையும் வீக்கத்தையும்தான் அமத்தும். மருந்து தீந்ததும் வலி திரும்ப வர்றது மருந்துக்கு அடிமையானதால இல்ல, நோய் அங்கேயே இருக்குறதால.


கொங்கு_வெட்:

நான் கால்நடை மருத்துவர், குதிரைங்க பாக்குறேன். நேர்ல பாக்காம உங்க குதிரைக்கு இதைப் போடு அதைப் போடுன்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க பதிவுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துது, அதை முதல்ல சொல்லிடுறேன்.

18 வயசு, சுருள் முடி, வெயில்லயும் உதிராத முடி, கழுத்து மேல கெட்டிக் கொழுப்பு. இதை மலைக் குளிர்னு தள்ளி விட்டுடாதீங்க. வயசான குதிரைங்களுக்கு மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில வர்ற கோளாறு ஒண்ணு இருக்கு, குஷிங்ஸ்னு சொல்லுவோம், 15 வயசுக்கு மேல சகஜம், அதோட பெரிய அடையாளமே உதிராத நீள முடிதான். கழுத்துக் கொழுப்பு இன்சுலின் கோளாறோட அடையாளம், ரெண்டும் சேந்தும் வரும். இந்த மாதிரி குதிரைக்கு ஸ்டீராய்டு போட்டா, மூட்டுக்குள்ளதான் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்துல கலக்கும், சில நாளைக்கு இன்சுலினை ஏத்தி விடும், அதுல குளம்புக்குள்ள வீக்கம் வந்து லாமினைட்டிஸ் ஆயிடலாம். லாமினைட்டிஸ் வந்தா இப்போ இருக்குற மூட்டு வலி ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும், குளம்புக்குள்ள இருக்குற எலும்பே இடம் மாறிடலாம். ஆரோக்கியமான குதிரையில இந்த ஆபத்து ரொம்பக் குறைவு, அதனாலதான் நெறைய பேருக்கு இது ஞாபகத்துக்கே வராது.

அதனால ஊசிக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை. ஏசிடிஎச் (அந்த பிட்யூட்டரி சுரப்பில இருந்து வர்ற ஹார்மோன்), இன்சுலின் ரெண்டும். ஏசிடிஎச் சாம்பிள் சீக்கிரம் கெட்டுப் போற சாம்பிள், ஐஸ்ல வச்சு உடனே பிரிச்சு அனுப்பணும், மலையில இருந்து எறங்குற நேரத்தையும் கணக்குல வச்சு லேப்ல முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

அடுத்தது, ஹாக்தான்னு உறுதி பண்ணியாச்சா? "இருக்கும்போல"ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. நீங்க சொல்ற லாடத்து நுனி தேயுறது, காலைத் தூக்க விடாதது, சூடானா சரியாகுறது எல்லாமே ஹாக் தேய்மானத்துக்கு நல்லாவே பொருந்துது, ஆனா மேல ஸ்டைஃபிள் மூட்டுல (நம்ம முழங்கால் மாதிரி) பிரச்சனைன்னாலும் காலை இழுக்கும். காலை மடக்கி ஒரு நிமிஷம் புடிச்சிட்டு உடனே ஓட விட்டுப் பாக்குறது ஒரு வழி, ஆனா மடக்கும்போது ஹாக்கும் ஸ்டைஃபிளும் சேந்துதான் மடங்கும், அதை மட்டும் நம்ப முடியாது. மூட்டுக்குள்ள மரத்துப் போற மருந்தைப் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு நடக்க வைக்கணும், நொண்டல் போச்சுன்னா அதுதான் மூட்டு. கூட ஒரு எக்ஸ்ரே. இது ரெண்டும் இல்லாம மூட்டுக்குள்ள மருந்து ஏத்துறது குருட்டாம்போக்கு.

ஹாக்ங்கிறது ஒரே மூட்டு இல்ல. மேல இருக்குற பெரிய மூட்டுதான் மடங்கி நிமிரும். அடியில இருக்குற சின்ன மூட்டுங்க லேசாத்தான் அசையும், தேய்மானம் பெரும்பாலும் அந்த அடி ரெண்டு மூட்டுலதான் வரும். அதுல நல்ல சேதி என்னன்னா அந்த மூட்டுங்க அசைவுக்கு அவ்ளோ முக்கியம் இல்ல, காலப்போக்குல எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போனா வலியே கொறஞ்சு போன குதிரைங்களும் உண்டு.

மாமா சொல்ற "உளுத்துப் போயிடும்" எங்க இருந்து வருதுன்னா, மெத்தில்பிரட்னிசலோன்னு ஒரு ஸ்டீராய்டு, டெப்போ மெட்ரால்னு பேர் கேட்டிருப்பீங்க, அதை அதிக டோஸ்ல திரும்பத் திரும்பப் போட்டா குருத்தெலும்பு கெடும்னு நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான். அதனால நல்லா அசையுற மூட்டுக்கு டிரையம்சினலோன் பக்கம் போயிட்டோம். அதுலயும் ஒரு குதிரைக்கு ஒரே நேரத்துல எல்லா மூட்டும் சேத்து 18 மில்லிகிராம் தாண்டாம பாத்துக்கறது நீண்ட கால வழக்கம். நம்ம மெடிக்கல்ல மனுசங்களுக்கு விக்கிற வயல் (சின்ன மருந்து பாட்டில்) ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் வருது, கவனிக்காம முழு வயலையும் ஏத்தினா எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க. உங்க டாக்டர்கிட்ட எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்னு தாராளமா கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.

சூடு வேண்டாம். தோல்தான் வேகும், மூட்டுக்குள்ள ஒண்ணும் மாறாது, இருக்குற வலியோட இன்னொரு வலி சேரும்.


லாடம்_அந்தியூர்:

டாக்டர் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது, ஆனா குளம்பைப் பத்தி யாரும் பேசலையே. நான் லாடம் அடிக்கிறவன், அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வர்ற குதிரைங்கள்ல இருந்து ரைடிங் ஸ்கூல் குதிரை வரைக்கும் பாத்திருக்கேன். பின்னங்கால் முன் நுனி நீளமா வளர விட்டு குதிகால் தாந்து போன குதிரைக்கு நீங்க எத்தனை ஊசி போட்டாலும் ஹாக் வலி திரும்ப வரும், ஏன்னா ஒவ்வொரு அடிக்கும் அந்த நீளமான நுனியைத் தாண்டித்தான் காலை எடுக்கணும், அந்தச் சுமை முழுக்க மூட்டுல போய் விழுது. நுனியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, லாடத்து முன் ஓரத்தை உருட்டி அடிச்சா காலை எடுக்குறது லேசாகும். உங்க குதிரைக்கு நுனி தானாவே தேயுது, அதைப் பாத்துட்டு நுனி கட்டையாத்தானே இருக்குன்னு யாராவது குதிகாலைச் சீவிட்டாங்கன்னா இன்னும் கெட்டுப் போகும், அது ரொம்ப நடக்குது.

இன்னொண்ணு, அவ காலைப் பிடுங்குறான்னு அடிக்காதீங்க, அடிக்கவும் விடாதீங்க. வலிக்குது, அதான் பிடுங்குறா. காலை ரொம்ப மேல தூக்காம தரையில இருந்து கொஞ்சமா தூக்கி, பக்கவாட்டுல இழுக்காம பின்னாடி நேரா புடிச்சு, நடுநடுவுல எறக்கி விட்டு எறக்கி விட்டு வேலை பண்ணினா நிப்பா. நேரம் ஆகும், ஆகட்டும். எக்ஸ்ரே எடுத்தா அந்தப் படத்தை லாடம் அடிக்கிறவருக்கும் காட்டுங்க, குளம்பும் சேத்து எடுக்கச் சொல்லுங்க, நாங்க வெளிய இருந்து குத்துமதிப்பாப் பாக்குறதை அதுல நேராப் பாக்கலாம்.


சேலம்_ரைடர்:

ஊசி வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குதிரைக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும். காத்தடிக்கிற வெட்டவெளியில, பக்கத்துலயே வைக்கோல் எறக்கிட்டு இருக்காங்க, ஸ்பிரிட் பஞ்சால ரெண்டு துடை துடைச்சிட்டு, ஏற்கனவே திறந்து வச்சிருந்த வயல்ல இருந்து மருந்தை உறிஞ்சி மூட்டுக்குள்ள போட்டுட்டாங்க. ஒரு வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாரும் சந்தோசப்பட்டாங்க, அப்புறம் ஒரு நாள் காலையில காலைத் தரையில வைக்கவே இல்ல. மூட்டு வீங்கி கொதிக்குது, காய்ச்சல். மூட்டுக்குள்ள சீழ் புடிச்சிடுச்சு. ரெண்டு நாள் பாக்கலாம்னு விட்டதுல வேலை முடிஞ்சு போச்சு, அந்தக் குதிரையைக் காப்பாத்த முடியல. அருமையான குதிரை அது, கொழந்தைங்க கீழ ஓடினாக்கூட அசையாம நிக்கும், இதை எழுதுறதுக்கே கஷ்டமா இருக்கு.

அதனால அண்ணா, அஸ்தம்பட்டி நண்பர் சொன்ன அந்தச் சுத்தம் இருக்கே, அதுதான் பாதி வைத்தியம். சிமெண்ட் தரை இருக்குற மூடின இடம், தூசி அடங்கின நேரம், சீல் ஒடைக்காத புது வயல். மூட்டு மேல சின்ன சிராய்ப்போ கொசு கடிச்ச புண்ணோ இருந்தாக்கூட அன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. நெறைய பேர் வெக்கப்பட்டுட்டு டாக்டர்கிட்ட இதெல்லாம் கேக்குறதில்ல. ஏற்காட்டு மழையில லாயம் சதசதன்னு இருக்கும்னா முதல் நாளே கழுவிக் காய விட்டு புது மரத்தூள் போட்டு வைங்க.


காபித்தோட்டம்_நாகலூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. முடி விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல, எல்லாரும் பாத்து அழகா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. வெல்லத்தை இன்னியில இருந்தே நிறுத்தச் சொல்லிட்டேன், சின்னவன் முகத்தைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கான்.

டாக்டர் சார், மூணு சந்தேகம். டெஸ்ட்ல குஷிங்ஸ்னு வந்துட்டா ஊசியே போட முடியாதா, அவ வலியைத் தாங்கிட்டேதான் இருக்கணுமா? டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வலிக்கு என்ன குடுக்கலாம், மாட்டுக்குப் போடுற டைக்லோபினாக் ஊசி போட்டு விடலாம்னு இங்க ஒருத்தர் சொன்னார். அப்புறம் எக்ஸ்ரேக்கு கீழ கூட்டிட்டு வரணும்னா 407 வண்டியில ஏத்தி இருபது கொண்டை ஊசி வளைவும் எறக்குறது அவளுக்குத் தாங்குமா?


கொங்கு_வெட்:

டைக்லோபினாக் வேண்டவே வேண்டாம். அது கால்நடைக்குப் போடக் கூடாதுன்னு 2006லயே தடை பண்ணியாச்சு, அந்த மருந்து ஏறின உடம்பைத் தின்ன கழுகுங்க சிறுநீரகம் கெட்டு கூட்டம் கூட்டமா செத்துப் போச்சு, அதனால. நம்ம மோயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்குற பாறு கழுகுங்களைக் காப்பாத்த இன்னும் பாடுபட்டுட்டு இருக்காங்க. கீட்டோப்ரோஃபென், அசெக்ளோபினாக் ரெண்டையும் 2023ல தடை பண்ணிட்டாங்க. மெலாக்சிகாம் கழுகுக்கும் பாதகம் இல்ல, குதிரைக்கும் வேலை செய்யும், எடைக்குக் கணக்கு போட்டு உங்க டாக்டரே எழுதிக் குடுப்பார். ஃபீனைல்பியூட்டாசோனும் குதிரைக்கு நல்லாவே கேக்கும், ஆனா நாள் கணக்குல குடுத்தா வயித்துல புண்ணு வரும், சிறுநீரகத்தையும் பாக்கணும். எதைக் குடுத்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான், ரெண்டு வலி மருந்தைச் சேத்துக் குடுக்காதீங்க.

குஷிங்ஸ்னு வந்தா வழி அடைஞ்சிடல. அதுக்கு பெர்கோலைடுன்னு மாத்திரை இருக்கு, தினமும் குடுக்கணும், முடியும் உடம்பும் மெதுவா மாறுறதை நீங்களே பாப்பீங்க. மூட்டுக்கு ஸ்டீராய்டு இல்லாத ஊசிங்களும் இருக்கு. ஹயலூரோனிக் ஆசிட் மட்டும் தனியா போடலாம். அவளோட ரத்தத்தையே எடுத்துச் சுத்த விட்டு பிளேட்லெட்டைப் பிரிச்சு மூட்டுக்குள்ள போடுறது ஒண்ணு, பிஆர்பின்னு மனுசங்களுக்கும் போடுறாங்களே அதேதான். ரத்தத்தை கண்ணாடி மணி இருக்குற சிரிஞ்சுல ஊற வச்சு அந்த சீரத்தைப் போடுற முறையும் இருக்கு, அது ஒரே தடவையில முடியாது, இடைவெளி விட்டு சில தடவை போடணும். பாலிஅக்ரிலமைடு ஜெல்னு ஒண்ணு வெளிநாடுகள்ல நல்லா பழக்கத்துக்கு வந்திருக்கு, மூட்டோட உள் சவ்வுல போய் ஒட்டிக்கிட்டு மாசக் கணக்குல நிக்கும். செலவு எல்லாமே ஸ்டீராய்டை விடக் கூடுதல்தான், அதை மறைக்கல. என்னைக் கேட்டா மல்லி மாதிரி குதிரைக்கு, எக்ஸ்ரேல அடி மூட்டுதான்னு தெளிவா வந்துட்டா, முதல்ல தீனியைக் கொறச்சு எடையை எறக்கி, குளம்பைச் சரி பண்ணி, வலி மருந்தோட தினமும் சமதளத்துல நடக்க வச்சுப் பாப்பேன், அதுக்கப்புறம்தான் ஊசி. நாள் முழுக்க லாயத்துல நிக்க வைக்கிறது தேய்மானத்துக்கு எதிரி, மூட்டு அசையணும். கொள்ளும் தவிடும் கொறைங்க, புல்லுதான் முக்கியம், காஞ்ச புல்லைத் தண்ணியில ஊற வச்சு பிழிஞ்சு குடுத்தா சர்க்கரை கொறையும்.

எறக்குறதைப் பத்தி. எறக்கத்துல வண்டி பிரேக் போடும்போதெல்லாம் காலை ஊனி சமாளிக்கணும், வலியோட இருக்குற குதிரைக்கு அது நல்ல பயணம் இல்ல. கையில தூக்கிட்டு வர்ற எக்ஸ்ரே மெஷின் வச்சிருக்குற டாக்டர் கிடைச்சா மேல வரவழைங்க, ஹாக் படத்துக்கு அது தாராளமாப் போதும். இல்லன்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரியோ தலைவாசலோ, போன் பண்ணி குதிரை கேஸ் பாக்குறவர் எந்த நாள் இருப்பார்னு கேட்டுட்டு ஒரே பயணத்துல மரப்பு ஊசி, எக்ஸ்ரே, ரத்தம் மூணையும் முடிச்சிடுங்க. வண்டியில தரைக்கு ரப்பர் மேட்டும் மரத்தூளும் போட்டு, தலைக் கயிறைக் கொஞ்சம் தளர்வா கட்டி, விடியக்காலையில டிராபிக் இல்லாத நேரமா, டிரைவர்கிட்ட வளைவுல மெதுவாப் போகச் சொல்லி கூட ஒருத்தர் நின்னுட்டு வாங்க.

ஊசி போடுறதுன்னு முடிவானா, போட்டப்புறம் ரெண்டு வாரத்துக்கு காலையும் மாலையும் காய்ச்சல் பாத்து எழுதி வைங்க. குதிரைக்கு 99ல இருந்து 101 பாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். போட்ட மறுநாள் லேசா வீங்கி அடங்குறதும் உண்டு, ஆனா அதுவா சீழான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, காலை ஊன மறுத்தா அன்னிக்கே போன் பண்ணுங்க. ஸ்டீராய்டு கலந்திருந்தா சீழ் புடிச்சதுகூட ஒரு வாரம் பத்து நாள் மூடிக்கிட்டு இருக்கும், ரைடர் தம்பி சொன்ன குதிரைக்கு அதுதான் ஆகியிருக்கும். சீழ்னா மூட்டைக் கழுவி விடணும், அதுல மணிக்கணக்குதான் கணக்கு, நாள் கணக்கு இல்ல.


காபித்தோட்டம்_நாகலூர்:

புரிஞ்சுதுங்க சார். டாக்டர்கிட்ட பேசிட்டேன், முதல்ல ரத்தம் எடுக்க வர்றேன்னுட்டார், அவரே நல்லது கேட்டீங்கன்னு சொன்னார். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுறேன். டெட்டனஸ் ஊசி கடைசியா எப்போ போட்டதுன்னு சீட்டுல தெளிவா இல்ல, அதையும் சேத்துப் போட்டுடச் சொல்லட்டுமா?


கொங்கு_வெட்:

கண்டிப்பா. டெட்டனஸ் குதிரையைப் புடிக்கிற அளவுக்கு வேற எந்தக் கால்நடையையும் புடிக்காது, லாடத்து ஆணி குத்தினாலே போதும். சீட்டுல தேதி இல்லன்னா போடலன்னே வச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க, ஒரு டோஸ், ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் வருஷா வருஷம்.